ஸ்டெல்லாவின் வயிறும் என் காரின் ஸ்வே பாரும்

தைலமும் ஆசாம் போயும் கலந்த ஒரு வாசனை... என் முதல் காரை நினைத்தாலே பெட்ரோலுக்கு முன்னால் அதுதான் மூக்கில் ஏறுகிறது.

ஆசாம் போய்... அந்த உப்புப் புளிப்புக் காய்ந்த பழம். அவள் ஊரான பந்திங்கிலிருந்து கிள்ளான் வந்து சேர்வதற்குள் ஸ்டெல்லா ஒரு பாக்கெட்டைக் காலி செய்துவிடுவாள். நெற்றியில் தைலம் தடவியிருப்பாள், மடியில் ஒரு பிளாஸ்டிக் பையும் தயாராக இருக்கும். எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை.

அப்போது எங்களுக்கு நிச்சயமாகி மூன்று மாதம். எனக்கு போர்ட் கிள்ளானில் ஷிப்ட் வேலை. ஆசை ஆசையாக ஒரு சின்ன மேனுவல் ஹேட்ச்பேக் வாங்கியிருந்தேன். செகண்ட் ஹேண்ட்தான். ஆனால் நேர் ரோட்டில் மிதித்தால், அடடா! வளைவு வந்தால்தான் அதன் வண்டவாளம் தெரியும். ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, திருப்பின பக்கம் வராமல் வெளியே ஓடப் பார்க்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் மாஸ் முடிந்து வரும் வழியில், நாலாவது வளைவில் அந்தப் பைக்கு வேலை வந்துவிட்டது.

இறங்கும்போது சொன்னாள்... "உங்க மேல கோவம் இல்ல. ஆனா இந்தக் கார்ல இனிமே ஏற மாட்டேன். நான் பஸ்லயே வரேன்."

சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் நிஜமாகவே பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணத்துக்குப் பிறகும் நான் காரிலும் அவள் பஸ்ஸிலும் போவோமா? காரை விற்கவும் மனசு வரவில்லை.

"ரியர் ஸ்வே பார் போடு லா" என்றான் கூட வேலை செய்த ஒருத்தன்.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பின் சக்கரங்கள் இரண்டையும் காருக்கு அடியில் சேர்த்துப் பிடிக்கிற ஓர் இரும்புக் கம்பி. கார் சாயப் பார்த்தால் அது இழுத்துப் பிடிக்கும். ஆனால் எந்தத் தடிமன் வாங்குவது? இரண்டு வாரம் டீ பிரேக்கெல்லாம் அதைப் படிப்பதிலேயே போனது.

கிள்ளானில் குணா அண்ணனின் ஒர்க்‌ஷாப். மேசை மேல் இரண்டு கம்பிகள். ஒன்று பத்தொன்பது மில்லிமீட்டர் தடிமன், இன்னொன்று இருபத்திரண்டு.

"தம்பி, ரேஸா ஓட்டப் போற? தெனம் லோரி போற ரோடு. பத்தொம்போது போதும் லா."

"இல்லண்ணே, கொஞ்சம்கூட சாயக்கூடாது. தடிச்சதையே போடுங்க."

சாய்வதால்தான் வாந்தி, சாயாவிட்டால் வாந்தி இல்லை. என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான்.

மாட்டியதும் பக்கத்து ரவுண்டபவுட்டுக்குப் போனேன். ஸ்டியரிங்கைத் திருப்பினேன்... கார் திரும்பியது! சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது. ஒரே ஒரு கம்பி ஒரு காரின் குணத்தையே மாற்றிவிடுமா? நம்ப முடியாமல் மூன்று சுற்று சுற்றினேன், தனியாகச் சிரித்துக்கொண்டே.

"கார சரி பண்ணிட்டேன், ஒரே ஒரு தடவ வா" என்று ஸ்டெல்லாவிடம் கெஞ்சினேன். கம்பியைப் பற்றி மூச்சு விடவில்லை. பையோடு வந்து உட்கார்ந்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

வளைவுகள் ஒவ்வொன்றாகப் போயின. அவளிடமிருந்து சத்தமே இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பிறகு ஒட்டுப் போட்ட பழைய ரோடு வந்தது...

"நிறுத்துங்க!"

வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "வளைவுல நல்லா இருக்கு. ஆனா ஒரு பக்கம் குழியில எறங்குனா மறுபக்கமும் சேந்து குலுங்குது. பின்னால ரெண்டு சக்கரத்தையும் சேத்துக் கட்டி வச்ச மாதிரி."

நான் இரண்டு வாரம் படித்தும் புரியாததை, கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டாள்!

விஷயத்தைக் கேட்ட குணா அண்ணன் கை துடைப்பதை நிறுத்தினார். "அந்தப் பொண்ணையே கூட்டிட்டு வா."

சனிக்கிழமை வந்தாள். அண்ணன் பத்தொன்பது மில்லியை மாட்டினார். அதன் நுனியில் மூன்று ஓட்டைகள். எந்த ஓட்டையில் மாட்டுகிறோமோ அதைப் பொறுத்து கம்பியின் விறைப்பு மாறும். ஒவ்வொன்றாக மாற்ற மாற்ற, நான் ஓட்ட, அண்ணன் பின் சீட்டில், ஸ்டெல்லா என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு.

முதல் ஓட்டை. "இன்னும் சாயுது."

கடைசி ஓட்டை. "குலுங்குது."

நடு ஓட்டை. "இதுதான். ஆனா பின்னால எடது பக்கம் மட்டும் ஏதோ கொஞ்சம் லேட்டா வருது."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணனும் உதட்டைப் பிதுக்கினார். இருந்தாலும் ஒர்க்‌ஷாப் வந்ததும் ஜாக் போட்டுத் தூக்கினார். அடியில் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகமே மாறியிருந்தது. ஓட்டை மாற்றும் அவசரத்தில் இடது பக்க நட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு, ஸ்பேனர் போட மறந்திருக்கிறார்.

"பந்திங் போய்ச் சேர்றதுக்குள்ள கழண்டிருக்கும்மா... இத்தன வருஷ வேலையில எனக்கே தெரியல. ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்குக் காரப் பத்தி ஒண்ணுமே தெரியாதுண்ணே. என் வயித்துக்குத்தான் தெரியும்."

அன்றைக்குச் சாயந்திரம் அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது ஆசாம் போய் பாக்கெட் பிரிக்காமலே கிடந்தது. "அடுத்த வாரம் எத்தன மணிக்கு வருவீங்க?" என்று கேட்டாள். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது எங்களிடம் இருப்பது ஏழு பேர் உட்காரும் ஆட்டோ கியர் கார். இரண்டு பிள்ளைகள். கார் எதற்கெடுத்தாலும் பீப் அடிக்கிறது, விளக்கு எரிகிறது. சின்னக் காரை வாங்கிப் போனவர் அந்தக் கம்பியை இன்னும் வைத்திருக்கிறாரோ என்னவோ.

போன மாதம் சுங்கை பூலோவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஸ்டெல்லா கண்ணை மூடியிருந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"பின்னால வலது டயர்ல காத்து கம்மி" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

டேஷ்போர்டைப் பார்த்தேன். ஒன்றும் எரியவில்லை.

இரண்டு டிராஃபிக் லைட் தாண்டியதும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. "அப்பா, டயர் லைட் எரியுது!" என்று பின்னால் இருந்து மகள் கத்தினாள்.

அதற்கு முன்பே நான் பெட்ரோல் ஸ்டேஷனுக்கு சிக்னல் போட்டிருந்தேன்.