நல்லெண்ணெய் விட்ட பிரேக்

மச்சானின் மோட்டார் சைக்கிளில் இரண்டு பிரேக்குகள் இருந்தன. முன்னது பேருக்கு. பின்னதுதான் வண்டியை நிறுத்தும். தன் ஊருக்குத் திரும்பக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடமிருந்து கைமாறி வந்த பழைய வண்டி அது. மச்சான் என் அக்காவின் கணவர். கம்பமேறி மின்சாரக் கம்பி இழுக்கும் வேலை. காஜா பேராங் வட்டாரத்தில், கம்போங் செட்டிக்கு அடுத்த சந்தில் இருந்த அவர்கள் வீட்டில்தான் நானும் ஒட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்து நான்கு வயது. துணிக்கடையில் முழம் போடுகிறவன். ஆனாலும் யந்திரங்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு.

பின் பிரேக்கை மிதித்தால் வண்டி கத்தும். சந்து முனையில் அந்தச் சத்தம் கேட்டதும் அக்கா சோறு போட எழுந்துவிடுவாள். பன்றியை அறுக்கிறார்கள் என்று நான் கேலி செய்வேன். மச்சான் சிரித்துக்கொள்வார். கத்தினாலும் நிற்கிறதே என்பது அவர் பதில்.

மலாய் நாடு சுதந்திரம் அடைந்த மெர்டேக்காவுக்குப் பிறகு வந்த முதல் ஆயுத பூஜை அது. கைப்பிடியில் கட்டிய காகிதக் கொடி சாயம் போய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பூஜைக்கு முந்தைய சாயங்காலம் வண்டியைக் கழுவும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். துருவைத் தேய்த்தேன், சங்கிலிக்கு எண்ணெய் போட்டேன். சாமி முன்னால் நிற்கப்போகும் வண்டி இப்படிக் கத்தலாமா என்று தோன்றியது. விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தேன். வண்டியைச் சாய்த்து, பின்சக்கரத்துப் பிரேக் டிரம்மின் ஓர இடுக்கில் விட்டேன். கொஞ்சமாகவும் விடவில்லை. யாரும் சொல்லாமலே செய்தேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் பூஜை. அன்றைக்கு ஆயுதங்களுக்கு ஓய்வு, யாரும் தொடக்கூடாது. மச்சானின் குறடு, இடுப்புவார், என் கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வண்டியும் சந்தனம் குங்குமத்தோடு நின்றது. வேறு நாளாக இருந்திருந்தால் அக்கம்பக்கம் போய்வரும்போதே அவர் பிரேக்கை மிதித்துப் பார்த்துத் திட்டியிருப்பார். பூஜை நாள் என்பதால் எண்ணெய்க்கு ஒரு முழுப் பகல் கிடைத்தது, ஓர் இரவும் கிடைத்தது.

அடுத்த நாள் காலையில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. புக்கிட் ரம்பாய்ப் பக்கம் வேலை. காலை நேரத்தில் சந்து முனையும் சாலையும் காலியாக இருந்திருக்கும். பிரேக்குக்கு அவசியம் வந்திருக்காது. ஒரு திருப்பத்தில் மரம் ஏற்றிய லாரி குறுக்கே வந்தது. பார்த்தவர்கள் சொன்னார்கள், அவர் காலால் மிதித்துக்கொண்டே போனாராம், கொஞ்சம்கூடச் சத்தம் வரவில்லையாம். லாரிச் சக்கரம் வலது காலில் ஏறியது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனது நான்தான். பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே என் கண் முன்னாலேயே பின்சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் கட்டைகள் கறுத்து, ஊறிப்போய் இருந்தன. விரலில் தொட்டு மோந்து பார்த்தார். சமையல் எண்ணெயை இதற்குள் யார் ஊற்றியது என்று மலாய் மொழியில் கேட்டார். தெரியாது என்றேன். என் முகத்தைப் பார்த்தார், கந்தல் துணியில் கையைத் துடைத்துவிட்டுச் சக்கரத்தைத் திரும்ப மாட்டத் தொடங்கினார். என்னைத் திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

வேகம் என்றார்கள், கிரகம் என்றார்கள், பழைய வண்டி என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கம்பம் ஏறிய மனிதர் கட்டிலில் உட்கார்ந்து இல்லாத பாதத்தைச் சொறியக் கையை நீட்டுவார். அக்கா ஊர்த் துணி துவைக்கப் போனாள். இரண்டு முறை சொல்லிவிடத் தீர்மானித்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு முறையும் அவர் செம்பில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு எழுந்து வந்தேன். பயம்தான், வேறு காரணம் இல்லை. இந்த வீட்டை விட்டால் எனக்கு வேறு போக்கிடமும் கிடையாது.

மறு வருடமும் ஆயுத பூஜை வந்தது. குறட்டுக்குப் பக்கத்தில் தன் இரண்டு ஊன்றுகோல்களையும் சாய்த்து வைக்கச் சொன்னார் மச்சான். பொட்டு வைக்க அக்கா குனிந்தபோது தடுத்து, என்னைக் கூப்பிட்டார்.

“மாப்ளே, நீ வை. போன வருசம் நீ அவ்ளோ பக்தியா செஞ்ச. அதான் சாமி காலோட விட்டுச்சு, இல்லன்னா ஆளே போயிருப்பேன்.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினாள். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது.

“வலது ஊன்றுகட்டை திருகாணிகிட்ட கத்துது,” என்றார் மச்சான். “கொஞ்சம் எண்ணெ விட்டுரு.”

அக்கா விளக்கடியிலிருந்து நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்து என் கையில் கொடுத்தாள். இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் விட்டேன். சத்தம் நின்றுவிட்டது.