மலை ஏறியதும் அணைத்த எஞ்சின்

அந்த ஜீப்பை நினைத்தாலே எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

என் மனைவியின் அண்ணனும் நானும் கூட்டாக வைத்திருந்த பழைய டீசல் ஜீப் அது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு உரமூட்டையும் சிமெண்டும் ஏற்றுவோம். இரண்டு வீட்டுக்கும் சோறு அதில்தான். கொண்டை ஊசி வளைவு வந்தால் மூச்சு வாங்கும். டர்போ மாட்டலாம் என்றேன்.

"டர்போல்லாம் வேணாம் மாப்ள. இன்ஜெக்டர் கழுவி, வால்வு செட் பண்ணா இதுவே இன்னும் கொஞ்சம் இழுக்கும். லோடக் கம்மி பண்ணிக்கலாம்" என்றார் மச்சான்.

லோடைக் குறைப்பதா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உளுந்தூர்பேட்டையில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் கிடந்த டர்போ ஒன்றைத் தூக்கிவந்து மாட்டவைத்தேன். வெளியே போகிற புகையின் வேகத்தில் விசிறி சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற சாமான்.

மெக்கானிக் படித்துப் படித்துச் சொன்னார்: "மேல ஏறனதும் டப்புனு ஆஃப் பண்ணாதீங்கண்ணா. ரெண்டு நிமிஷம் சும்மா ஓடட்டும். ஆயில் நின்னா, உள்ள சூட்டுல பேரிங் கருகிப்பூடும்."

கேட்டேனா? ஏற்றம் முடிந்த இடத்தில் சாவியைத் திருப்பிவிட்டு, அடுத்த இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவதுதான் எங்கள் பக்கத்து ஜீப்காரர்களின் சாமர்த்தியம். சொட்டு டீசலை மிச்சம் பிடிக்கிற அற்ப புத்தி. பிரேக்கும் சரியாகப் பிடிக்காது, தெரிந்தேதான் செய்வோம். மச்சான் மட்டும் அந்த இரண்டு நிமிடமும் காத்திருப்பார். "இன்னா மச்சான், வண்டிக்குத் தாலாட்டு பாடிக்கினு இருக்கீங்களா?" என்று கிண்டலடிப்பேன்.

ஒரு மாதம் தாங்கவில்லை. மச்சான் ஓட்டிய ஒரு நாள் டர்போ உடைந்து, அதன் ஆயில் எஞ்சினுக்குள் போய், சாவியைத் திருப்பியும் எஞ்சின் அதையே குடித்து நிற்காமல் அலறி வெடித்தது. அவர் குதித்துத் தப்பினார்.

பிரித்துப் பார்த்த மெக்கானிக் கருகிய பேரிங்கை நீட்டினார். "யாருண்ணா சூட்டோட அணைச்சுக்கினு இருந்தது?"

"மச்சான்தான்" என்றேன். சே! எப்படித்தான் வந்ததோ அந்த வார்த்தை. பக்கத்திலேயே நின்றார் அந்த மனிதர். என்னையே பார்த்தார். பிறகு போய் பஸ் ஏறிவிட்டார்.

மனைவியிடமும் அதையே சொன்னேன். அவள் தோசைக்கல் முன்னால் நின்றபடியே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஏண்ணா, அவ்ளோ சொல்லியும் அப்படியா ஓட்டுவ? ரெண்டு வூட்டு சோத்துலயும் மண்ணப் போட்டுட்டியே!"

அவர் குரல் எனக்கும் கேட்டது. "தப்புதாம்மா."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தோசை போடச் சொன்னேன்.