வெள்ளிக்கிழமை அம்மன்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு சின்ன அறையில் ஃபிளெக்ஸ் டிசைன் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவது. முன்பு ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு இருந்தபோது, முதலாளி மதியச் சாப்பாட்டுக்குப் போகும் நேரத்தில் அவருடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து போட்டோ வேலையைக் கற்றுக்கொண்டேன். அவர் நிதானமாகச் சாப்பிடுகிற மனிதர். அதனால்தான் இன்று எனக்கு ஒரு தொழில் இருக்கிறது.

கடைக்கு வருகிறவர்கள் பேசுவதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பது என் பழக்கம். நத்தத்திலிருந்து வந்த மாங்காய் வியாபாரி ஒருவர், "எம் மூஞ்சி எனக்கே பழசாத் தெரியுது தாயி, கொஞ்சம் புதுசாக்கிக் குடு" என்றார். குஜிலியம்பாறைக்காரர் ஒருவர், அண்ணன் படத்தைத் தன் படத்தைவிடச் சின்னதாக வைக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "அவன் மூத்தவந்தேன், இல்லைங்கல. ஆனா ஃபிளெக்ஸ் என்னோடது" என்றார். இப்படிப்பட்ட பேச்சுக்காகவே நான் கடையை ஞாயிற்றுக்கிழமையும் திறக்கிறேன்.

ஒரு நாள், பக்கத்துப் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை ஒரு ஃபிளெக்ஸ் வேண்டுமென்று வந்தார். 'இணையத்தைப் பொறுப்புடன் பயன்படுத்துவோம்' என்று எழுத வேண்டும். ஆறடிக்கு நாலடி. மதுரையிலிருந்து ஒருவர் வந்து பிள்ளைகளுக்குப் பேசப் போகிறார். அடித்துக் கொடுத்துவிட்டேன். நிகழ்ச்சி நாளன்று காலை எட்டரைக்குப் போன் வந்தது.

"ஏம்மா, அவருக்குக் காய்ச்சலாம். நீதான் நாள் பூராக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கியே, வந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போ."

"மேடம், நான் பத்தாவது."

"கேக்கப் போறது ஒம்பதாவதுதானம்மா. ஃபிளெக்ஸ் வேற கட்டியாச்சு."

ஒம்பதாவதைவிடப் பத்தாவது பெரிது என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

பேச்சு என்றால் எனக்குப் பயமில்லை. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக்கூடாது என்றேன். பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் லிங்கைத் தொடக்கூடாது என்றேன். முகம் தெரியாதவர் அனுப்பும் நட்பு அழைப்பை, பெண் பெயரில் வந்தாலும் நம்பக்கூடாது என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். உற்சாகத்தில் எழுந்து நின்றேன்.

"முக்கியமா போட்டோ. உங்க படம், பேரு, எந்தத் தெரு, எந்த ஸ்கூலு, இதெல்லாம் ஒண்ணாச் சேர்த்து எங்கயும் போடவே கூடாது."

மூன்றாவது வரிசையில் கண்ணாடி போட்ட பெண் எழுந்தாள்.

"அக்கா, ஒருத்தவங்க படத்த அவங்ககிட்டக் கேக்காமப் போடலாமா?"

"கூடவே கூடாது."

"போட்டவங்கள என்ன செய்யணும்?"

"எடுக்கச் சொல்லணும். தைரியமாச் சொல்லணும்."

"அப்ப எடுங்கக்கா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. தலைமையாசிரியைக்கும் புரியவில்லை. அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அப்போது புரிந்தது. அந்த முகத்தை நான் என் கம்ப்யூட்டரில் நாலு மணி நேரம் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்குச் சடங்கு என்றால் தாய்மாமன் ஃபிளெக்ஸ் வைப்பார். அது அவருடைய உரிமை. எவ்வளவு பெரிசாக வைக்கிறாரோ அவ்வளவு பாசம். இந்தப் பெண்ணின் மாமனும் நாலு மாதத்துக்கு முன் போனில் ஒரு படத்தோடு வந்து, என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். "எக்கா, கண்ணாடிய எடுத்துரு. கிரீடம் வையி. பின்னாடி வெளிச்சம் சுத்தணும்" என்றார். எடுத்தேன், வைத்தேன், சுற்றினேன். பொன் சிங்காசனம், இரண்டு பக்கமும் மயில். கீழே பெண்ணின் பெயர், வகுப்பு, தெரு, மாமனின் போன் நம்பர். சம்பந்தப்பட்ட பிள்ளையிடம் கேட்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இந்த ஊரில் எந்த ஃபிளெக்ஸ் கடையிலும் அப்படி ஒரு வழக்கம் கிடையாது.

அந்தப் பன்னிரண்டடி ஃபிளெக்ஸ் தெருமுனையில் மூன்று நாள் நின்றது, பிறகு யாரோ வைக்கோல் படப்புக்குப் போர்த்த எடுத்துப் போய்விட்டார்கள். அதோடு முடிந்திருக்கும். நான்தான் வேலை நன்றாக வந்திருக்கிறதே என்று, மாதிரிக்காகக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டுவைத்தேன். சிங்காசனத்தோடு அவளை மட்டும் தனியாக வெட்டி, வெள்ளைப் பின்னணியில் இன்னொன்றும் போட்டேன். என் கைநேர்த்தி தெரிய வேண்டும் அல்லவா.

ஆசிரியர் அறையில் வைத்து அந்தப் பெண் மீதியைச் சொன்னாள். அவள் படிக்கும் டியூஷனில் மூன்று பையன்கள் அந்தப் படத்தை எடுத்து வாட்ஸப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள்.

"நீங்க முடியக்கூட ஒண்ணு ஒண்ணா வெட்டியிருந்தீங்கல்லக்கா, அதான் அவங்களுக்கு ஈசியாப் போச்சாம்" என்றாள்.

என் வேலையை இவ்வளவு சரியாகக் கவனித்துப் பாராட்டியவர்கள் அதற்கு முன் யாருமில்லை.

அவள் டியூஷன் சந்துக்குள் நுழைந்தால், அந்த மூன்று பேரும் கையெடுத்துக் கும்பிட்டு, "ஆத்தா, கணக்குல மட்டும் பாஸாக்கி விட்டுரு ஆத்தா" என்பார்களாம். அந்தச் சந்தைத் தவிர்க்க, பள்ளி விட்டதும் காய்கறி மார்க்கெட் வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போகிறாள். இரண்டு வாரமாக டியூஷனுக்குப் போகவில்லை. அம்மாவிடம் வயிற்றுவலி என்று சொல்லியிருக்கிறாள். கணக்கில் அவள்தான் முதல் மார்க். இப்படியே போனால் டியூஷனை நிறுத்திவிட வேண்டியதுதான் என்றாள்.

அங்கேயே இரண்டு படங்களையும் அழித்தேன். தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார்.

"போயிருச்சா?"

"என் பக்கத்துலருந்து போயிருச்சு மேடம்."

"மத்த பக்கத்துலருந்து?"

அரை மணி நேரம் முன்பு மேடையில் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

தலைமையாசிரியை விடவில்லை. மறுநாளே மூன்று பையன்களின் பெற்றோரையும் வரவழைத்துப் பேசினார். பையன்கள் எதிரில் நின்று அழித்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். தீர்ந்தது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, எனக்கு ஃபிளெக்ஸ் ரோல் கொடுக்கும் வியாபாரி வழக்கம்போல் வணக்கம் அனுப்பினார். 'இனிய வெள்ளிக்கிழமை. அன்னையின் அருள் பெருகட்டும்.' மேலே, சிங்காசனத்தில், கிரீடத்தோடு அந்தப் பெண்.

யார் அனுப்பியது என்று கேட்டேன். அவருக்கு அவர் மச்சினி, மச்சினிக்கு ஒரு வாட்ஸப் குழு. தேடிப் போனால் அது டியூஷன் வாத்தியார் பெற்றோருக்காக வைத்திருந்த குழுவில் முடிந்தது. பெண்ணின் அம்மாவும் அந்தக் குழுவில் இருந்தார். அவர் துணி தைக்கிறவர். "நான் பாத்தேங்க்கா. நல்ல மார்க் எடுத்திருக்கா, அதான் சார் வாராவாரம் போடுறாருன்னு நெனச்சேன்" என்றார். குழுவுக்கு நன்றி என்று பதிலும் போட்டிருக்கிறார்.

சனிக்கிழமை சாயங்காலம் தாய், மகள், நான், மூன்று பேரும் வாத்தியார் வீட்டுக்குப் போனோம். நெற்றி நிறைய விபூதி, நல்ல மனிதர். எங்களை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். நான் போனைக் காட்டினேன்.

"இந்த அம்மனா? எந்தக் கோயில்னு தெரியலம்மா. பசங்க போன்லருந்து வந்துச்சு. முகத்துல ஒரு கருணை இருந்துச்சு பாருங்க, அதான் எடுத்து வச்சுக்கிட்டேன்."

"சார், அது நான் சார்" என்றாள் அவள்.

வாத்தியார் போனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இன்னொரு தடவை போனைப் பார்த்தார்.

"நீ கண்ணாடி போட்டிருப்பியே."

"அக்கா எடுத்துட்டாங்க சார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் காப்பியைப் பார்த்தேன்.

எத்தனை பேருக்குப் போயிருக்கும் என்று கேட்டேன். நாலு குழு என்றார். கொஞ்சம் யோசித்து, "செம்பட்டியில எங்க மச்சான் பிரிண்ட் போட்டு சாமி ரூம்புல வச்சிருக்காரு" என்றார்.

"பிரிண்டா?" என்றாள் அவள்.

"லேமினேசன் பண்ணி" என்றார் வாத்தியார்.

அழித்துவிடுங்கள் என்றேன். அவர் விரல் திரைக்கு மேலேயே நின்றது.

"எப்படிம்மா அழிக்கிறது, அம்மன் ரூபமா இருக்கே."

"ஒம்பதாவது பி செக்சன் சார்" என்றாள்.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழித்தார். பிறகு செம்பட்டிக்குப் போன் போட்டு, "மாப்ள, அந்தப் படத்த எடுத்துருங்க. ஆமா. இல்ல, குத்தமெல்லாம் ஒண்ணும் வராது. எங்கிட்ட டியூஷன் படிக்குது" என்றார்.

திரும்பி நடக்கும்போது நான் ஒரு யோசனை சொன்னேன். 'இது அம்மன் அல்ல, மாணவி. தயவுசெய்து அழிக்கவும்' என்று ஒரு அறிவிப்பு டிசைன் பண்ணி எல்லாக் குழுவுக்கும் அனுப்புகிறேன் என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். "அப்பத்தான்க்கா எல்லாரும் எந்த மாணவின்னு உத்துப் பாப்பாங்க."

அவள் அம்மா, "அம்புட்டு வெவரம் இவளுக்கு" என்று என்னிடம் சொன்னார். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்.

"அவங்களுக்கு வெள்ளிக்கிழமைக்கு ஒரு படம் வேணும், அம்புட்டுத்தானக்கா? இதவிட நல்லதா ஒண்ணு குடுங்க. இத மறந்துருவாங்க."

அன்றே கடையில் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள், மாமன் உட்கார்ந்த அதே ஸ்டூல். யார் முகமும் வேண்டாம் என்றாள். குத்துவிளக்கு, எலுமிச்சை மாலை, வேப்பிலை, மஞ்சள் துணி. சுடர் மட்டும் ஆட வேண்டும். கீழே எழுத்து பெரிதாக, வயசானவர்களுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரிய வேண்டும். நான் மயில் வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். வாத்தியாருக்கு அனுப்பினோம். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் நாலு குழுவிலும் போட்டார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ரோல் வியாபாரி எனக்கு விளக்கை அனுப்பினார். என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு ஓடிய டிசைன் வேறு கிடையாது. பெயர் போட்டுக்கொள்ள முடியவில்லை.

பழைய படம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆடி மாதத்தில் எங்கிருந்தாவது ஒன்று வரும். அனுப்பியவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்வேன். எல்லோரும் முதலில் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், பிறகுதான் அழிக்கிறார்கள்.

இப்போது ஃபிளெக்ஸுக்கு யார் படம் கொண்டு வந்தாலும், படத்தில் இருப்பவரிடம் நானே போனில் கேட்கிறேன். சொந்தக்காரர்கள் இருபது பேர் முகம் இருந்தால் இருபது போன். பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். கண்ணீர் அஞ்சலிக்கு வந்த ஒருவர், "எங்கப்பாருக்கும் போன் போடுவியா தாயி?" என்று கேட்டார். அதையும் காலண்டர் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தப் பெண் ஒரு மாதம் கழித்து டியூஷனுக்குத் திரும்பினாள். சந்து வழியாகவே போகிறாள். போகும் வழியில் கடை வாசலில் செத்த நேரம் நிற்பாள். போன வாரமும் நின்றாள்.

"அக்கா, நேத்து உங்க ஸ்டேட்டஸ்ல ஒரு பாப்பா இருந்துச்சுல்ல, மொத பொறந்தநாளுன்னு?"

"அவங்க அம்மாகிட்டக் கேட்டுத்தான்டி போட்டேன்."

"அம்மாகிட்டயா கேட்டீங்க?"

"ஒரு வயசுப் பிள்ள, அதுகிட்ட எங்க கேக்க?"

"பேச்சு வரட்டும்க்கா. வந்ததும் கேளுங்க" என்றாள்.

பை தோளில் இருந்து நழுவியது. மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு சந்துக்குள் நடந்தாள். நான் போனை எடுத்து அந்தப் பாப்பாவை அழித்தேன்.