எம்.எல்.ஏ.வுக்கு நான் சொன்ன வரவேற்புரை

என் கணவருக்கு வேலை போனது ஒரு டேங்க் பெட்ரோலுக்காக. விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு துபாயிலிருந்து புஜைராவுக்குக் கடல் பார்க்கப் போயிருந்தோம். அந்த பில்லையும் சைட்டுக்குப் போனதாகச் சொல்லி கம்பெனியில் கொடுத்துவிட்டார், மாட்டிக்கொண்டார். திருப்பிக் கட்டிவிடுகிறேன் என்று மானேஜர் முன்னால் நின்று கெஞ்சியிருக்கிறார். "கலாஸ்" என்று அரபியில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான் அந்த ஆள். விசா கேன்சல். வேறு வேலை கிடைக்காவிட்டால் பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"செஞ்சது தப்பு. தண்டனை நியாயம்தான்" என்றார் அவர். அந்த நியாயத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம், எங்கள் ஊர் எம்.எல்.ஏ. வளைகுடாத் தொழிலாளர்களின் நிலையை நேரில் அறிவதற்கென்று அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அரசு செலவில் துபாய் வந்திருந்தார். சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் என் கணவரின் சைட் ஆட்கள், கிடைத்த ஒரு லீவு நாளில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு அவருக்காகக் காலையிலிருந்து காத்திருந்தார்கள். சம்பளப் பாக்கியைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டுமென்று ஆசை. அவர் அந்தப் பக்கமே வரவில்லை. மனைவியோடும் மகளோடும் நகைக்கடை நகைக்கடையாக ஏறி இறங்கிவிட்டு, அந்தக் கார் வாடகையைக் கேம்ப் கேம்பாகப் போனதாகக் கணக்கு காட்டினார். டிவிக்காரர்கள் குட்டை உடைத்ததும் பணத்தைத் திருப்பிக் கட்டினார், அவ்வளவுதான். கட்சியில் முன்பைவிடப் பெரிய பதவியும் கிடைத்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்.

அவரை ஆகஸ்ட் வெயிலில் கேம்ப் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்க வைக்க வேண்டும் என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். பாத்திரங்கள் பாவம்.

அந்த மனிதர் மறுபடி துபாய் வந்தார், எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பொன்னாடை போர்த்திக்கொள்ள. சங்கத் தலைவர் இங்கே கான்ட்ராக்ட் கம்பெனி நடத்துபவர். என் கணவருக்கு வேலை போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்து, இழுத்தடித்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். விழாக்களில் மைக் பிடிப்பது எப்போதும் நான். "இந்தத் தடவையும் நீங்கதான் மேடம், நல்லா சிறப்பா பண்ணிடுங்க" என்று போன் செய்தார்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. நம்ம பொழப்பு தலைவர் கையில இருக்கு" என்றார் கணவர்.

இருக்கத்தான் நினைத்தேன். மேடையில் அந்த முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல ஆரம்பித்தேன். "தொழிலாளர் குறை கேட்க அரசு செலவில் வந்து, கேம்புக்குப் போகாமலே போனதாகக் கணக்கு எழுதி, பிடிபட்ட பிறகு பணத்தைத் திருப்பிக் கட்டிய நம் சட்டமன்ற உறுப்பினரை வரவேற்கிறேன்" என்றேன். சங்கத் தலைவரின் முகம் கறுத்தது. எனக்கு உள்ளே அப்படி ஒரு குளிர்ச்சி. முன்வரிசையில் கணவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

நான் இறங்கி வந்து உட்காருவதற்குள் எம்.எல்.ஏ. சிரித்தபடியே எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"தங்கச்சி சொன்னது உண்மை. தப்பு நடந்துபோச்சு, கட்டிட்டேன். மனுஷன்னா திருந்தறதுக்கு ஒரு வாய்ப்பு வேணும்ல?"

கைதட்டினார்கள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. "என் வீட்டுக்காரரும் கட்டுறேன்னுதான் சொன்னாரு. ஒரு டேங்க் பெட்ரோல். அவருக்கு யாரும் வாய்ப்புக் குடுக்கல" என்றேன். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்டிருக்கும்.

எம்.எல்.ஏ. சங்கத் தலைவரின் தோளில் கை போட்டார். "தலைவரே, தங்கச்சி வீட்டுக்காரருக்கு உங்க கம்பெனியில ஒரு வேலை போட்டுக் குடுங்க. என் பேர்ல குடுங்க" என்றார்.

எழுந்து நின்று கைதட்டினார்கள். என் பக்கத்து இருக்கைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன இருந்தாலும் தங்கமான மனுஷர்" என்றாள். அவரை அடிக்க நான் ஓங்கிய கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

வேலை கிடைத்தது. விசாவும் அடித்தார்கள். பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். சோனாப்பூர் ஆட்களுக்குப் பாக்கி வந்ததாக மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஊரில் தேர்தல் வந்தது. அவர் மண்ணைக் கவ்வ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு விளக்கேற்றினேன். கணவர் பார்த்துவிட்டார். "அவர் ஜெயிச்சு மந்திரியானா ஊர்ல காரியம் ஆகும்னுதான் தலைவர் என்னை வச்சிருக்காரு. தோத்தா அடுத்த மாசமே என்னைக் கழட்டி விட்டுடுவாரு. யோசிச்சு வேண்டிக்க" என்றார்.

ஓட்டு எண்ணும் அன்று அடுப்படியை விட்டு நான் வெளியே வரவில்லை. ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் பின்தங்கியிருக்கிறார் என்று கேட்டபோது அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஜெயித்துவிட்டார் என்றதும் என்னை அறியாமல் ஒரு நிம்மதிப் பெருமூச்சு வந்தது.

கார் வாடகையைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேனோ என்னவோ. அந்தப் பெருமூச்சுக்காக அவரை என் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டேன்.