கோட்டைக்குத் தெரியாத பின்கட்டு

வூட்டை வாடகைக்கு வுடற தொழில்ல குடிவந்தவன் நிம்மதியா தூங்குவான், வூட்டுக்காரன்தான் முழிச்சிக்கினு கெடப்பான். என்னாட்டம் மாட்டிக்கினவங்களே, உங்களுக்குத் தெரியாததா! பள்ளிக்கூடத்துலேர்ந்து பாதியில ஓடியாந்த எனக்கு ஒரு பொழப்பு வேணும்னு, நைனா படகை வித்து பழவேற்காட்டுல, கப்பல்ல வந்த ஒலாந்தாக்காரங்க கட்டின கோட்டைக்குப் பக்கத்துல ஒரு வூடு வாங்கினாரு. வாடகை சேர்த்து படகைத் திருப்பி வாங்கிடணும். அவ்ளோதான் திட்டம்.

கேட்டுக் கட்டினது

வித்தவரு ஒரு துணி வியாபாரி. முன்கட்டு பழசு, பின்னாடி ரெண்டு அறை புதுசு. அது கோட்டை பீரங்கி சுடற பக்கம்; அங்க கோட்டைக்காரங்க அனுமதி இல்லாம ஒரு செவுரு எழுப்பக் கூடாது. "பின்கட்டு கோட்டைல கேட்டுக் கட்டினதா அண்ணே?"ன்னேன். "கேட்டேனே"ன்னாரு. சந்தோஷமா வாங்கிட்டோம். அப்பால போற போக்குல சொன்னாரு: "கேட்டேன்னுதான் தம்பி சொன்னேன். குடுத்தாங்கன்னா சொன்னேன்?"

குழி பொங்கினது

நாங்க வாங்கறப்போ முகத்துவாரத்தை மண்ணு மூடி, ஏரி வத்திக் கெடந்துச்சு. கக்கூஸ் குழியும் காஞ்சு சமத்தா இருந்துச்சு. புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேருக்குனு வெட்டின குழி அது. நான் முன்கட்டுல நெசவுக்காரர் குடும்பம், பின்கட்டுல கோட்டை துபாஷி ஒருத்தரு, அடுத்த அறையில கப்பல்காரங்க ஒரு கும்பல்னு ரொப்பிட்டேன். மழை வந்து முகத்துவாரம் ஒடைஞ்சுது. கடல் ஏரிக்குள்ள ஏறுச்சு, ஏரி குழிக்குள்ள ஏறுச்சு, குழி முற்றத்துல ஏறுச்சு. நெசவுக்காரம்மா புள்ளைய இடுப்புல வெச்சுக்கினு, உரல் மேல நின்னு திட்டுது. என்னைத் திட்டுதா ஏரியைத் திட்டுதானு புரியல.

"கடலோரத்துல பொறந்தவன், தண்ணி ஏறுமானு பார்க்க மாட்டியாடா?"ன்னாரு நைனா.

"நீயும்தான நைனா கூட வந்தே?"

"நான் கூரையப் பார்த்தேன்டா. கீழ நீ பார்ப்பேனு நெனச்சேன்."

துபாஷி சொன்னது

குழியைப் பெருசா வெட்டலாம்னா பின்கட்டு குறுக்க நிக்குது. எதை இடிக்கணும், எதை வெக்கணும்னு கோட்டையிலயே கேட்டுடலாம்னு போனேன். ஒலாந்தா தொரைக்குத் தமிழ் வராது, எனக்கு அவரு பேச்சு வராது. நடுவுல ரெண்டையும் மாத்திச் சொல்றவரு யாரு? என் குடித்தனக்காரரு துபாஷி! தொரை மூஞ்சி செவந்து மேசையக் குத்தினாரு, பீரங்கியக் காட்டினாரு, என் வூட்டுப் பக்கம் கைய நீட்டிக் கத்தினாரு. எல்லாம் முடிஞ்சு துபாஷி நிதானமா என் பக்கம் திரும்பினாரு: "பின்கட்டு ரொம்ப நல்லா இருக்குதாம். வாடகை மட்டும் ஏத்தக் கூடாதாம்."

இடிச்சது

மறுநாளே சிப்பாய்ங்க கடப்பாறையோட வந்து பின்கட்டைத் தரைமட்டமாக்கிட்டாங்க. கப்பல்காரங்க மூட்டையத் தூக்கிக்கினு கெளம்பிட்டாங்க. துபாஷி பெட்டியத் தலையில வெச்சுக்கினு, தூசிக்குள்ள நின்னாரு. "இன்னா ஐயா, நல்லா இருக்குதாம்னு சொன்னீங்களே?"ன்னேன்.

"நேத்து நல்லாத்தானப்பா இருந்துச்சு!"

ஆளு கொறைஞ்சதால இப்போ குழி போதும், வாடகைதான் பத்தல. படகு எப்போடா வரும்னு நைனா கேக்கறதுக்குப் பதில் சொல்ல அந்தத் துபாஷியைத்தான் கூட்டிக்கினு வரணும்.