விபூதி பூசிய சர்வர்

தரவுத்தள சர்வர் ஓடுகிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால், இத்தனை நாளும் இவள் என்னதான் செய்தாள் என்று எல்லோரும் கேட்பார்கள். இதைப் படித்ததும் பெருமூச்சு விட்டவர்களே, நீங்கள் என் சொந்தம்.

கல்லூரியில் நான் படித்தது கவிதை. தலை நரைத்த பிறகும் சோறு போடுவது சர்வர். இரத்தினபுரியில் பஸ் ஏறி, ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்துக்கு அடிக்கடி போவேன். அங்கே பெரிய கிளாக்கரின் மேசைக்கடியில் ஒரு கறுப்புப் பெட்டி. யார் எந்தப் பிரிவு, யார் எவ்வளவு கொழுந்து எடுத்தார் என்பதெல்லாம் அதற்குள் அட்டவணைகளாக இருக்கின்றன. அன்றாடம் அதைக் கவனிப்பவள் மேரி புஷ்பம். அவளுடைய கைக்குழந்தை அலுவலகத்துக்குக் கீழே, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் இருந்தது. மத்தியானம் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள்.

பெட்டி அடிக்கடி நின்றுபோனதில் தோட்டத்து மேலாளரான தொரைக்குப் பொறுமை போய்விட்டது. இன்னொரு தரம் விழுந்தால் பெட்டி கொழும்புக்கு, மேரி தூரத்து வரக்காப்பொல அலுவலகத்துக்கு என்று சொல்லிவிட்டார். என்னைக் கண்டதும் மேரி கேட்டது ஒன்றுதான்: "வரக்காப்பொலயிலருந்து மத்தியானம் எப்படி மிஸ் ஓடியாறது?"

வம்பும் வாக்கும்

டிஸ்க் நிரம்பிவிட்டது, புதிய நிறையைப் பதிய மாட்டேன் என்கிறது என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் லாக் என்கிற பதிவேட்டுக் கோப்பு ஒன்று ஊதிப்போயிருந்தது. மின் தராசை இணைக்க வந்தவர்கள், யார் எதைக் கேட்டாலும் எழுதிவை என்று சர்வருக்குச் சோதனைக்காகச் சொல்லியிருக்கிறார்கள். போதும் என்று சொல்லாமலே போய்விட்டார்கள். அதுவும் பாவம், தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரையில் நிற்பவர்களைப் போல ஒரு பேச்சு விடாமல் சேர்த்து வைத்திருந்தது. எழுதுவதை நிறுத்தி, பழையதை அழித்தேன்.

பெரிய கிளாக்கருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த இன்னொரு லாக்கையும் அழிக்கச் சொன்னார். அது வேறு. எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன்னால், இதைச் செய்யப்போகிறேன் என்று சர்வர் எழுதிவைப்பது அதில்தான். கரன்ட் போய் வந்தால் அதைப் படித்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்ளும். "அது வம்பு, இது வாக்கு. வம்பை அழிக்கலாம், வாக்கை அழிக்கக் கூடாது" என்றேன். தாடையைத் தடவி யோசித்தார்: "அப்ப நம்ம தோட்டத்துல வாக்குக்கு எடமே தேவப்படாதும்மா, வம்புக்குத்தான் பெரிய டிஸ்க்கா வாங்கணும்."

உள்ளே ஆள் இருக்கிறது

இன்னொரு நாள் எந்தத் திருத்தமும் பதியவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. திரை வெறுமனே காத்துக்கொண்டிருந்தது. "இதையும் விழுந்த கணக்குல சேத்துருவாரா மிஸ்?" என்று மேரி நகத்தைக் கடித்தாள்.

தேடிப் பார்த்தேன். கொழுந்து மடுவத்தில் நிறுவைக்குப் பொறுப்பான நிமல், ஒரு திருத்தத்தைத் தொடங்கி, முடிக்காமலே சாப்பிடப் போயிருந்தார். அவர் முடிக்கும்வரை அந்த அட்டவணையில் வேறு யாரையும் கை வைக்க விடாது சர்வர். குளிக்கிற அறைக்கு வெளியே ஆளுக்கொரு வாளியோடு வரிசையில் நிற்கிற நிலைமைதான். அவருடைய இணைப்பைத் துண்டித்ததும் எல்லாத் திருத்தங்களும் முண்டியடித்து உள்ளே போயின. மேரி போன் எடுத்துத் திட்டினாள். சோற்றை மென்றபடி, தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் குழைத்து நிமல் சொன்னார்: "அனே நங்கி, நான் ஒண்ணும் மூடல்லயே, தொறந்துதானே வச்சிட்டு வந்தேன்!"

ஆயுத பூசை

இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கியிருந்தார்கள். புதிய பட்டியலைப் பார்க்கத் தொரை மறுநாள் காலை வருவதாக ஏற்பாடு. எல்லோருடைய பிரிவையும் மாற்றுகிற பெரிய திருத்தத்தை ஓடவிட்டு, மேரி குழந்தையிடம் போனாள். நான் முற்றத்தில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால், தராசு, கவ்வாத்துக் கத்திகள், பழைய தட்டச்சு யந்திரம் என்ற வரிசையில் சர்வருக்கும் மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம். பச்சை விளக்கை மட்டும் காணவில்லை.

"பூச போட்ட ஆயுதம் ஓயணும்லம்மா" என்றார் பெரிய கிளாக்கர். "வயரப் புடுங்குனேன். பக்கத்துல பேட்டரி கீ கீன்னு கத்துச்சு. அதையும் அமத்திட்டேன்."

மேரி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். உடனே போடலாமா என்று கேட்டேன். விஜயதசமி விடியாமல் தொட்டால் குற்றம் என்று அறையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார். பிறகுதான் மேரியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "பயப்படாத புள்ள. உங்க மாதாகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வையி" என்றார்.

காலையில் கற்பூரம் காட்டிப் பெட்டியை எழுப்பினோம். ஒழுங்காக நிறுத்தப்படவில்லை என்றுதான் லாக் தொடங்கியது. பிறகு சர்வர் தான் எழுதிவைத்த வாக்குகளை ஒவ்வொன்றாகப் படித்தது. முடித்தவற்றை நிலைநிறுத்தியது, பாதியில் நின்ற திருத்தத்தை முழுசாகத் திரும்ப எடுத்துக்கொண்டது. நான் வாசித்த காதல் கவிதைகளில்கூட இவ்வளவு நாணயம் இருந்ததில்லை. மேரி திருத்தத்தை மறுபடி ஓடவிட்டாள். அது முடியவும் தொரை நுழையவும் சரியாக இருந்தது.

பட்டியலில் ஒரு பிழை இல்லை. ஆனால் தொரையின் கண் லாக்கின் முதல் வரியில் நின்றது. "விழுந்துச்சா?" என்றார். மேரி வாய் திறப்பதற்குள் பெரிய கிளாக்கர் முந்திக்கொண்டார்: "விழலங்க தொர. சாமி கும்புட்டுட்டுப் படுத்துச்சு, இப்ப எந்திரிச்சிருச்சு."

கீழே பிள்ளைக் காம்பராவில் ஒரு குழந்தை வீறிட்டது. மேரியின் தலை தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது. தொரை குனிந்து விபூதியைப் பார்த்தார், நிமிர்ந்து மேரியைப் பார்த்தார். "பெட்டி இங்கயே இருக்கட்டும்" என்றார். "கொழும்புல இதுக்குப் படுக்க லீவு குடுக்க மாட்டாங்க."

செய்யப்போவதை முன்கூட்டியே எழுதிவைத்து, முடியாததை மறைக்காமல் திரும்ப எடுத்துக்கொள்கிற ஒருவரை வாழ்நாள் முழுக்கத் தேடினேன்; கடைசியில் அவர் ஓப்பநாயக்கவுக்கு மேலே, நெற்றியில் விபூதியோடு, மேசைக்கடியில் உட்கார்ந்திருக்கிறார்.