சாம்பிள் வண்டி

எங்கள் முதல் காரை என் வீட்டுக்காரர் வாங்கிய விதத்தை யாரிடம் சொன்னாலும் நான் கதை கட்டுகிறேன் என்றுதான் நினைக்கிறார்கள். கதை கட்டுகிற பொறுமை எனக்குக் கிடையாது. நடந்தது இதுதான்.

அப்போது அவர் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷன் இன்சார்ஜ். ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் வெளிநாட்டு பையர் ஒரு மாதிரி உருப்படி கேட்பான். அதைத் தைக்க, இருப்பதிலேயே கை சுத்தமான டெய்லரை உட்கார வைப்பார்கள். பையர் சரி சொன்னதும் அதற்கு சீல் வைத்து அட்டை கட்டித் தொங்கவிடுவார்கள். அப்புறம் பையரே சொன்னாலொழிய அதில் ஒரு நூலைக்கூட யாரும் பிடுங்கக் கூடாது. அதைப் பார்த்து மூட்டை மூட்டையாக ஓட்டுகிற சரக்குக்குப் பெயர் பல்க். பல்க்கின் யோக்கியதை என்னவென்று எனக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு நான் அதில் கறை, ஓட்டை தேடுகிற செக்கிங்கில் இருந்தவள்.

கோயம்புத்தூரில் ஒரு புது கார் கம்பெனி ஷோரூம் திறந்த சமயம். கம்பெனியே புதுசு. அந்த வண்டி ரோட்டில் ஓடி எங்கள் பக்கம் ஒருவரும் பார்த்ததில்லை. என் தம்பி போனிலேயே சிரித்தான்.

"அக்கா, பேர் தெரியாத கம்பெனி வண்டிய வாங்கி நடுரோட்டுல நிக்கப் போறீங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "உன்ற கல்யாணத்துக்கு அதுலதான்டா வந்து எறங்குவேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஷோரூமில் இவர் பானெட்டைத் திறக்கச் சொல்லவே இல்லை. பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து சீட் தையலை அளந்தார். இடது சீட்டும் வலது சீட்டும் ஒரே அளவா என்று பார்த்தார். ஈரக் கைக்குட்டையால் சீட் துணியைத் தேய்த்து, சாயம் போகிறதா என்று சோதித்தார். நானும் சும்மா இருக்கவில்லை, தலைக்கு மேலே இருந்த துணியில் எண்ணெய்க் கறை தேடினேன். விற்பனையாளர் பானெட் பக்கம் கையைக் காட்டினார்.

"இன்ஜின் பாக்கறீங்களா சார்?"

"அதெல்லாம் பட்டன், ஜிப்பு மாதிரிங்க. கடைசில மாட்டறது" என்றார் இவர்.

"சரிங்க சார். எந்தக் கலர் புக் பண்ணட்டுங்க?"

"இதே பீஸ்தான் வேணுங்க."

"இது காட்டறதுக்கு வெச்சிருக்கற வண்டிங்க சார். ஊரே ஏறி உக்காந்து எறங்கினது. உங்களுக்கு ஃபேக்டரில இருந்து புதுசா வருமுங்க."

"அது பல்க்குங்க. எனக்கு வேண்டாமுங்க."

மேனேஜர் வந்தார், இன்னும் யார் யாரோ வந்தார்கள், உள்ளே போய்ப் பேசினார்கள். கடைசியில் தருகிறோம் என்றார்கள். ஏன் அவ்வளவு சந்தோஷமாகத் தந்தார்கள் என்று நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

முதல் சர்வீஸில் விஷயம் தெரிந்தது. ஃபேக்டரி ஒழுங்காக ஓட ஆரம்பிப்பதற்கு முன்பு, பார்வைக்கு வைப்பதற்காகக் கையாலேயே பூட்டிய வண்டியாம் அது. பின்னால் வந்த வண்டிகளின் பாகம் பாதி இதற்குச் சேராதாம். சர்வீஸ்காரர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு சொன்னார். இவரோ பரீட்சையில் பாஸான மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நாஞ் சொன்னனா இல்லியா? கைவேலை."

அதற்குப் பிறகு அந்த வண்டி சீல் வைத்த சாம்பிள் ஆகிவிட்டது. ஓட்டுகிறவர் பக்கத்து வைப்பர் உடைந்தபோது, புதுசைக் கொஞ்சம் வளைத்து மாட்டலாம் என்று மெக்கானிக் சொன்னார். இவர் விடவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க என் பக்கத்து வைப்பர் மட்டும் ஆடியது. நான் "லாரி வருதுங்க, ஒதுங்குங்க, மாடுங்க" என்று சொல்லச் சொல்ல இவர் ஓட்டினார். இதே வண்டி வேறொன்று டீக்கடை முன்னால் நின்றால் போதும், டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். வண்டியின் சொந்தக்காரர் டம்ளரும் கையுமாக நிற்க, "உங்க கதவு கால் இஞ்ச் எறங்கியிருக்குதுங்க. பல்க்குல அப்படித்தான் வரும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வருவார். எனக்கு மானம் போகும்.

தம்பி கல்யாணம் சாமளாபுரத்தில். எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் என்று ஒன்று உண்டு. கூடப் பிறந்தவள் பக்கத்தில் இருந்தால்தான் அது நடக்கும், அது முடிந்தால்தான் கல்யாணம் மேற்கொண்டு நகரும். அவனுக்கு நான் ஒரே அக்கா. பட்டுச்சேலை கட்டி, சீர்த்தட்டுகளை அடுக்கிக்கொண்டு மத்தியானமே கிளம்பினோம். மங்கலம் தாண்டியதும் ஆக்ஸிலேட்டர் கேபிள் அறுந்து வண்டி நின்றது. தம்பி சொன்ன அதே நடுரோடு.

பஸ்ஸில் போகலாமென்றால், தட்டுகளோடு ஏற வழியில்லை. வந்த பஸ்ஸெல்லாம் படிக்கட்டில் ஆள் தொங்கத் தொங்க நிற்காமல் போயின. மங்கலத்திலிருந்து ஒரு மெக்கானிக் பை நிறையக் கேபிள்களோடு வந்தார். இருந்ததில் ஒன்று கிட்டத்தட்டச் சேர்ந்தது, முனைதான் ஓட்டைக்குள் நுழையவில்லை.

"ஓட்டையக் கொஞ்சம் ராவி விட்டா போதுமுங்க" என்று அரத்தை எடுத்தார்.

"சாம்பிள்ல கை வெக்கக் கூடாதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அம்மா.

"எங்க கண்ணு இருக்கறே? எல்லாரும் வந்து உக்காந்தாச்சு. சித்தப்பா மகள நிக்க வெச்சு முடிச்சிரலாங்கறாங்க."

நான் இருக்கிற இடத்தில் இன்னொருத்தியா? அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கத்தினால் இவருக்கு ஏறாது. இவருக்குப் புரிகிற பாஷையில் கேட்டேன்.

"ஏனுங்க, சாம்பிள யார் சொன்னா மாத்தலாம்?"

"பையர் சொன்னா."

"இந்த வண்டிய வாங்கினது யாருங்க?"

"நாமதான்."

"அப்ப நான் பையருங்க. பையர் சொல்றேன், அந்த ஓட்டையப் பெருசு பண்ணுங்க."

அப்படி ஒரு விதி இருப்பது அவருக்குத் தெரியும், மறுக்க முடியாது. மெக்கானிக் கையிலிருந்து அரத்தை வாங்கி, குனிந்து அவரே ராவினார். கேபிளின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். பட்டுச்சேலையோடு கை முழுக்க கிரீஸ் ஆனது. வண்டி உறுமியபோது மெக்கானிக் ஒரு கும்பிடு போட்டார். எங்களுக்கா, வண்டிக்கா, தெரியவில்லை.

சாமளாபுரத்தில் இறங்கி உள்ளே ஓடினேன். இணைச்சீர் முடிந்திருக்கும் என்றே நினைத்துவிட்டேன். சித்தப்பா மகள் அலங்காரத்தோடு ஓரமாக நின்றாள். தம்பி பலகையில் அசையாமல் உட்கார்ந்திருந்தான், சுற்றிலும் பெரியவர்கள் கோபமாக இருந்தார்கள்.

"நடுரோட்டுல நின்னுட்டீங்களாக்கா?" என்று கேட்டான். தலையாட்டினேன்.

"வேற ஆளு வேண்டாம், எங்கக்காதான் வேணும்னு சொல்லிப் போட்டனுங்க்கா. பாவம், எல்லாருத்தையும் காக்க வெச்சுட்டேன்."

சீர்த்தட்டோடு பின்னால் வந்து நின்ற என் வீட்டுக்காரர், "அதான் சரிங்க மாப்ள" என்றார். அவ்வளவு நேரம் வராத அழுகை அப்போது வந்தது. கையெல்லாம் கிரீஸாக இருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.